யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் ஓட்டு?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



அமெரிக்காவில் தன்பாலினத் திருமணத்தைத் தடை செய்ய நடந்த வாக்கெடுப்புகள், அவற்றை எதிர்த்து நடந்த பிரச்சாரம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் ரெண்டு மூணு பேர் சிரிச்சீங்க. சிரிச்சுக்கங்க, பரவாயில்லை. நான் குருவாயூரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1931 நவம்பரில் குருவாயூர் கோயிலுக்கு முன்னால் நுழைவுப் போராட்டம் தொடங்குகிறது. மலபார் அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் ஒரு மாவட்டம். 1932 செப்டம்பரில் கேளப்பன் உண்ணாவிரதம் உட்காருகிறார். காந்தி கேட்டுக்கொண்டதால் நிறுத்துகிறார். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? பொன்னானி தாலுகாவில் வீடு வீடாகப் போய் ஓட்டெடுத்தார்கள். தீண்டப்படாதவர்களைக் கோயிலுக்குள் விடலாமா, கூடாதா? யார்கிட்ட கேட்டாங்க? ஏற்கெனவே உள்ளே போய் வந்துகொண்டிருந்த சாதி இந்துக்களிடம். வெளியே நிற்கிறவனுக்கு அந்த ஓட்டெடுப்பில் ஓட்டு கிடையாது. அவன் கேள்வி. பதில் சொல்கிறவன் வேறு ஆள்.

ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பான்மை 'விடலாம்' என்றே சொன்னது. ஆனாலும் கோயில் திறக்கவில்லை. 1947 வரைக்கும் திறக்கவில்லை.

இதையொட்டி ரங்க ஐயர் ஒரு கோயில் நுழைவு மசோதா கொண்டுவருகிறார். அதிலும் பெரும்பான்மை சம்மதித்தால் திறக்கலாம் என்கிற ஏற்பாடுதான். 1933 பிப்ரவரி 14 அன்று அம்பேத்கர் அதைப் பற்றி ஓர் அறிக்கை விடுகிறார். நம்ம தோழர்கள் அந்த அறிக்கையை முழுசாப் படிக்கணும். இந்த மசோதா தீண்டாமையைப் பாவம் என்று சொல்லவே இல்லையே என்று கேட்கிறார். ஒரு வழக்கம் பாவமென்றால், பெரும்பான்மை அதை விரும்புகிறது என்பதற்காக அது பொறுத்துக்கொள்ளத் தக்கதாகிவிடுமா? பெரும்பான்மைக்குப் பிடித்திருந்தாலும் அதை ஒழித்தாக வேண்டும் என்கிறார். கவனியுங்க, ஓட்டெடுப்பில் நமக்குச் சாதகமான முடிவு வந்த பிறகும் அந்த மனுசன் இதைச் சொல்கிறார். ஜெயிச்ச ஓட்டையே கேள்வி கேட்கிறார். நம்மை ஓட்டுக்கு விட்டதே அவமானம் என்பது அவருடைய கட்சி.

இப்போது கலிஃபோர்னியாவுக்குப் போவோம்.

2008 மே 15. கலிஃபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்வதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொல்கிறது. இதே நீதிமன்றம்தான் 1948இல் வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்ளக் கூடாது என்ற சட்டத்தைத் தூக்கி எறிந்தது. அந்த ஜூனிலிருந்து நவம்பருக்குள் சுமார் 18,000 ஜோடிகள் பதிவு செய்துகொண்டார்கள். அந்த நவம்பர் 4ஆம் தேதி, ஒபாமா குடியரசுத் தலைவராக ஜெயித்த அதே நாளில், மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தும் வாக்கெடுப்பும் நடந்தது. பெயர் புரொபொசிஷன் 8. ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது மட்டுமே செல்லுபடியாகும் திருமணம். அவ்வளவுதான் வாசகம். ஆதரித்து 52.24 சதவீதம், எதிர்த்து 47.76. சுமார் ஆறு லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் தடை ஜெயித்தது.

அதே ஓட்டுச்சீட்டில் புரொபொசிஷன் 2 என்று இன்னொன்று இருந்தது. பண்ணைக் கோழி இறக்கையை விரிக்க, கால்நடைகள் திரும்பிப் படுக்க, கூண்டில் இடம் விட வேண்டும் என்பது அது. 63 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. கோழிக்கு இடம் கொடுத்தார்கள், நல்லது. அதே கைதான் பக்கத்து வீட்டுக்காரன் கல்யாணத்தை அழித்தது. நாய்க்கு ரொட்டி போட்டுவிட்டு நமக்குக் கொட்டாங்குச்சியில் தண்ணி ஊற்றிய ஊரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

எதிர்ப் பிரச்சாரம் எப்படித் தோற்றது என்பதுதான் நமக்குப் பாடம். பணம் இல்லாமல் தோற்கவில்லை. இரண்டு தரப்பும் சேர்ந்து எட்டுக் கோடி டாலருக்கு மேல் செலவு செய்தன, எதிர்த்தவர்களிடம் கொஞ்சம் கூடவே இருந்தது. தடை கேட்டவர்கள் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் போட்டார்கள். ஒரு சின்னப் பொண்ணு பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறாள். அம்மா, ஒரு இளவரசன் இன்னொரு இளவரசனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டான், நானும் ஒரு இளவரசியைக் கல்யாணம் பண்ணிக்கலாமாமே என்கிறாள். அவ்வளவுதான். பெற்றவர்களின் வயிற்றில் புளி கரைந்தது. 'உம் பொண்ணு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்த ஊரிலும் எந்தச் சாதியிலும் ஆள் சேர்த்துவிடலாம். ஜீன்ஸ் பேண்ட், கூலிங் கிளாஸ் போட்டு நம் பையன்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று இங்கே மேடை போட்டுப் பேசினார்களே, அதே பயம், அதே சரக்கு.

இதற்கு எதிர்த்தரப்பு என்ன பதில் சொன்னது? சமத்துவம், பாகுபாடு, அரசியல் சட்டம் என்று பொதுவாகப் பேசியது. விளம்பரங்களில் தன்பாலின ஜோடிகளின் முகத்தைக் காட்டவே தயங்கியது. காட்டினால் ஜனங்கள் முகம் சுளிப்பார்கள் என்று ஆலோசகர்கள் கணக்குப் போட்டார்கள். யாருக்காகப் போராட்டமோ அவர்களை வீட்டுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு நடந்த போராட்டம். சேரிப் பிரச்சினையைப் பேசச் சேரிக்காரன் வேண்டாம், வந்தால் ஓட்டுக் குறையும் என்று சொல்கிற கட்சிகளை நாமும் பார்த்திருக்கிறோம்.

தோற்ற மறுநாள் நடந்ததுதான் கொடுமை. வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பு ஒன்று, கறுப்பர்களில் 70 சதவீதம் தடையை ஆதரித்தார்கள் என்றது. உடனே பழி அவர்கள் தலையில் விழுந்தது. ஒபாமாவுக்கு ஓட்டுப் போட வந்த கறுப்பர்கள் எங்கள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று வெள்ளைத் தன்பாலீர்ப்பாளர்கள் சிலர் பேசினார்கள். கண்டன ஊர்வலத்தில் கலந்துகொள்ளப் போன கறுப்பின ஆட்களையே, அவர்களும் தன்பாலீர்ப்பாளர்கள்தான், இனப்பெயர் சொல்லித் திட்டியதாகச் செய்தி வந்தது. 2009 ஜனவரியில் ஈகன், ஷெரில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சாவடிவாரியான கணக்கையும் எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். கறுப்பர்களின் ஆதரவு 57இலிருந்து 59 சதவீதத்துக்குள்தான் இருந்திருக்கும் என்றார்கள். வாரம் தவறாமல் வழிபாட்டுக்குப் போகிறவர்கள் எந்த இனமானாலும் பெரும்பாலும் தடைக்கே போட்டிருக்கிறார்கள். மாநிலத்தின் மக்கள்தொகையில் கறுப்பர்கள் ஏழு சதவீதத்தைத் தாண்டவில்லை. பணத்தைக் கொட்டியது யார்? மார்மன் திருச்சபைத் தலைமை 2008 ஜூனில் கடிதம் எழுதித் தன் உறுப்பினர்களைப் பணமும் நேரமும் தரச் சொன்னது. அங்கே போய் விரல் நீட்டுவதைவிடக் கறுப்பனைப் பார்த்து நீட்டுவது சுலபம். தேர்தல் முடிந்த மறுநாள், காலனி ஓட்டு காசுக்கு விலை போய்விட்டது என்று டீக்கடையில் பேசுகிறவனுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

அந்தப் பழியை எதிர்த்துக் கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்களே எழுதினார்கள். எங்கள் பகுதிக்கு நீங்கள் வரவே இல்லையே, வந்தாலும் வெள்ளைப் பகுதியில் அச்சடித்த நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனீர்களே என்று கேட்டார்கள். ஒபாமாவே இந்தத் தடையை எதிர்த்தவர். ஆனால் திருமணம் பற்றி அவர் முன்பு சொன்ன ஒரு வாசகத்தை எடுத்து, அவர் படத்தோடு அச்சடித்து, தடை கேட்டவர்கள் வாக்காளர்களுக்கு அனுப்பினார்கள். எதிரி வந்துவிட்டான், நண்பன் வரவில்லை.

இது தற்செயல் இல்லை தோழர்களே. 2012 மார்ச்சில் மெய்ன் மாநிலத்து வழக்கு ஒன்றில் நேஷனல் ஆர்கனைசேஷன் ஃபார் மேரேஜ் என்ற அமைப்பின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. தடைப் பிரச்சாரங்களுக்குப் பணமும் மூளையுமாக இருந்த அமைப்பு அது. கறுப்பர்களுக்கும் தன்பாலீர்ப்பாளர்களுக்கும் நடுவே ஆப்பு அடிப்பதுதான் எங்கள் உத்தி என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கறுப்பினத்தவரைத் தேடிப்பிடித்து முன்னால் பேசவிட வேண்டும். எதிர்த்தரப்பு அவர்களை வெறியர்கள் என்று திட்டும். திட்டத் திட்டப் பிளவு பெரிதாகும். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நம்மை மோதவிடுகிறவன் இப்படி எழுதிவைக்க மாட்டான். அவன் கெட்டிக்காரன்.

இதற்குப் பதிலை வட கரோலினாவில் ஒரு கறுப்பினப் பாதிரியார் சொன்னார். வில்லியம் பார்பர், அந்த மாநில என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைவர். 2012 மே 8 வாக்கெடுப்பில் தடைக்கு எதிராக ஊர் ஊராகப் போனார். உங்கள் சபை தன்பாலினத் திருமணத்தை நடத்திவைக்க வேண்டுமா வேண்டாமா என்று நான் பேச வரவில்லை, சிறுபான்மையின் உரிமையைப் பெரும்பான்மை ஓட்டுக்கு விடலாமா என்று மட்டும் கேட்கிறேன் என்கிற ரீதியில் பேசினார். கறுப்பர்களின் உரிமையை அந்த மாநிலத்தில் ஓட்டுக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியும். அவர் தரப்பு தோற்றது. 61 சதவீதம் தடைக்குப் போட்டார்கள். ஆனால் அதே மாதம் 19ஆம் தேதி என்.ஏ.ஏ.சி.பி. தேசிய அளவில் திருமண உரிமையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அந்த நவம்பரில் மேரிலாந்தில், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கறுப்பர்கள் வாழும் மாநிலத்தில், வாக்கெடுப்பிலேயே திருமண உரிமை ஜெயித்தது. டெல்மன் கோட்ஸ் போன்ற கறுப்பினப் போதகர்கள் அதற்காக வெளிப்படையாகப் பிரச்சாரம் செய்தார்கள்.

ஓட்டுக்கு விட்டால் என்ன ஆகியிருக்கும் என்றேன். அதற்குக் கணக்கு இருக்கிறது. 1958இல் ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளைக்காரரும் மில்ட்ரெட் என்ற கறுப்பினப் பெண்ணும் வாஷிங்டனில் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வர்ஜீனியாவுக்குத் திரும்பினார்கள். ராத்திரியில் படுக்கையறைக்குள் போலீஸ் புகுந்து பிடித்தது. ஓராண்டுச் சிறை. மாநிலத்தை விட்டு ஓடிப்போனால் மன்னிப்பு. கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டத்தில் வைத்தார், கலக்க வேண்டாம் என்பதற்காகத்தான் வைத்தார் என்று நீதிபதி எழுதினார். மனு நீதிபதியாக வர்ஜீனியாவிலும் உட்கார்ந்திருக்கிறார். 1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. மறு ஆண்டு, 1968இல், காலப் கணிப்பு கேட்டபோது இப்படிப்பட்ட மணங்களை ஏற்பதாகச் சொன்னவர்கள் 20 சதவீதம்தான். அலபாமாவில் செத்துப்போன அந்தத் தடையை அரசியல் சட்டத்திலிருந்து எடுக்க 2000ஆம் ஆண்டில் வாக்கெடுப்பு நடந்தது. அப்போதும் சுமார் 40 சதவீதம் பேர் எடுக்காதே என்று ஓட்டுப் போட்டார்கள். ரெண்டாயிரத்தில்! 2007இல், தீர்ப்பின் நாற்பதாம் ஆண்டில், மில்ட்ரெட் லவிங் பெயரில் ஓர் அறிக்கை வெளிவந்தது. கறுப்பு, வெள்ளை, ஆண்-ஆண், பெண்-பெண், எல்லோருக்கும் திருமண உரிமை வேண்டும் என்று சொன்னது. மறு ஆண்டு அவர் இறந்துபோனார்.

நம்ம ஊரில் ஓட்டெடுத்தால்? ஒரு கிராமத்தில் ஊர்த்தெருவில் முந்நூறு வீடு, காலனியில் நாற்பது வீடு. காலனிப் பையன் ஊர்ப் பெண்ணைக் கட்டலாமா என்று சீட்டுப் போட்டுப் பாருங்கள். அம்பேத்கர் 1945இல் பம்பாயில் பேசியபோது சொன்னார், இந்தியாவில் இருப்பது அரசியல் பெரும்பான்மை இல்லை, பிறப்பால் அமைந்த பெரும்பான்மை. கருத்து மாறினால் அரசியல் பெரும்பான்மை மாறும். பிறப்பு எப்படி மாறும்? திருமணத் தடை வாக்கெடுப்பில் நடப்பதும் அதுதான். யாருக்கு எந்தப் பாதிப்பும் வராதோ அவர்கள் தொண்ணூற்றைந்து பேர், வாழ்க்கை பறிபோகிற ஐந்து பேருக்காக ஓட்டுப் போடுகிறார்கள்.

சரி, ஓட்டு வந்தே தீரும் என்றால் என்ன செய்வது? பாவத்தை ஓட்டுக்கு விடாதே என்று சொல்லிக்கொண்டே ஓட்டும் கேட்டாக வேண்டியிருக்கிறது. இங்கேதான் மின்னசோட்டா வருகிறது.

2004இல் மட்டும் 13 மாநிலங்களில் தடை வாக்கெடுப்பு நடந்தது, பதின்மூன்றிலும் தடை ஜெயித்தது. 2006இல் அரிசோனா ஒருமுறை நிராகரித்தது, 2008இல் அதுவும் விழுந்தது. இந்த வரிசையில் மின்னசோட்டாவை அடுத்த விக்கெட் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2011 மே மாதம் ராத்திரி நேரத்தில் கீழவையில் 70க்கு 62 என்று வாக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு ஜான் க்ரீசல் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர், இராக்கில் இரண்டு கால்களையும் இழந்தவர், தன் கட்சிக்கு எதிராகப் பேசினார். ஆஃப்கானிஸ்தானில் அந்த ஆண்டு பிப்ரவரியில் செத்துப்போன ஆண்ட்ரூ வில்ஃபார்ட் என்ற தன்பாலீர்ப்பாளரான படைவீரரின் படத்தைக் காட்டி, இவருக்குக் கல்யாண உரிமை இல்லையென்று நான் எப்படிச் சொல்வேன் என்று கேட்டார். உருக்கமான பேச்சு. எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. நாட்டுக்காகச் செத்துக் காட்டினால்தான் மனுசன் என்று ஒத்துக்கொள்வார்களா? மகர் படைப்பிரிவைக் கேட்டால் சொல்லும், செத்துக் காட்டியும் ஒத்துக்கொள்ளவில்லை என்று.

மின்னசோட்டாக்காரர்கள் கலிஃபோர்னியாவின் தோல்வியைப் பிரித்துப் படித்தார்கள். திருமணமானால் கிடைக்கும் உரிமைகளைப் பட்டியல் போடுவது பழைய முறை. அமெரிக்க மத்திய சட்டங்களில் திருமணத்தைச் சார்ந்த 1,138 விதிகள் இருப்பதாக 2004இல் அரசாங்கமே எண்ணிச் சொன்னது. ஆனால் அந்தப் பட்டியலைக் கேட்கிறவன், ஓ, சலுகைக்காகத்தான் கேட்கிறீர்களா என்று நினைத்துக்கொண்டான். இடஒதுக்கீட்டுக்காகத்தான் சாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்மைச் சொல்கிறானே, அதே காது. அதனால் தொண்டர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு வேறு கேள்வி கேட்டார்கள். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஏன் செய்துகொண்டீர்கள்? அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு கிழவர் செத்துப்போன மனைவியைப் பற்றிப் பேசுவார். பேசி முடித்த பிறகு, எனக்குத் தெரிந்த இரண்டு பெண்களும் அதையேதான் கேட்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். சண்டை போடக் கூடாது. அவர் தயங்கினால் தயக்கத்தைப் பேசவிட வேண்டும்.

அதே நவம்பர் 6 ஓட்டுச்சீட்டில், ஓட்டுப் போட அடையாள அட்டை கட்டாயம் என்ற இன்னொரு திருத்தமும் இருந்தது. அது யாரை அடிக்கும்? ஏழைகளை, கறுப்பர்களை, கிழவர்களை. இரண்டுக்கும் சேர்த்து 'வேண்டாம்' போடுங்கள் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இரண்டுமே தோற்றன. திருமணத் தடைக்கு ஆதரவு 47.44, எதிர்ப்பு 51.19. அந்த மாநிலச் சட்டப்படி ஒன்றும் எழுதாமல் விட்ட சீட்டும் எதிர்ப்பாகவே கணக்காகும், அது ஒரு சின்னக் கை உதவி. ஆறு மாதம் கழித்து, 2013 மே 14இல், தடை கேட்ட அதே மாநிலத்தில் திருமண உரிமைச் சட்டத்துக்கு ஆளுநர் டேட்டன் கையெழுத்துப் போட்டார். 1970இல் இரண்டு ஆண்கள் திருமண உரிமம் கேட்டு விண்ணப்பித்து, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1972இல் ஒரே வரியில் தள்ளுபடியானதும் இதே மாநிலத்தில்தான்.

லாஸ் ஏஞ்சலஸிலும் ஒரு வேலை நடந்தது. தோற்ற பிறகு, எங்கே அதிகமாகத் தோற்றார்களோ அந்தத் தெருக்களுக்கே போய்க் கதவைத் தட்டி, ஏன் அப்படி ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டு உட்கார்ந்து பேசினார்கள். இப்படிப் பேசினால் மனசு மாறுகிறது என்று 2014இல் ஒரு ஆய்வு வந்து உலகமே கொண்டாடியது. 2015இல் பார்த்தால் அந்த ஆய்வுத் தரவே கற்பனை. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். ஏமாற்றைக் கண்டுபிடித்தவர்களில் புரூக்மன், கல்லா என்ற இருவரும் உண்டு. அவர்கள் அதோடு விடவில்லை. மயாமியில், இந்த முறை திருநர்கள் மீதான வெறுப்பைப் பற்றி, நிஜமாகவே ஆய்வு செய்தார்கள். பத்து நிமிடப் பேச்சு வெறுப்பைக் குறைக்கிறது, மூன்று மாதம் கழித்தும் அது நிற்கிறது என்று 2016இல் வெளியிட்டார்கள். உண்மை நம் பக்கம் இருக்கும்போது பொய்க்கணக்கு எதற்கு? இயக்கப் பத்திரிகையில் கூட்டத்துக்கு வந்த தலைகளை மூன்றால் பெருக்கிப் போடும் தோழர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 ஜூன் 26இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் திருமண உரிமையை ஏற்றது. 2024 நவம்பரில் கலிஃபோர்னியா மறுபடி ஓட்டுப் போட்டு, புரொபொசிஷன் 8இன் வாசகத்தைத் தன் அரசியல் சட்டத்திலிருந்தே நீக்கியது. 62 சதவீதத்துக்கு மேல். பதினாறு வருசம்.

இந்தியாவில் நம் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17இல், திருமணம் அடிப்படை உரிமை இல்லை, பாராளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. பார்த்துக்கொள்ள வேண்டியது யார்? பெரும்பான்மை. அந்த வழக்கில் மத்திய அரசு, இது நகர்ப்புற மேட்டுக்குடிக் கருத்து என்றது. நம் தோழர்கள் சிலரும் இதைத்தான் சொல்கிறார்கள். மேட்டுக்குடிப் பிரச்சினை. நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன், எனக்குத் தெரிந்த கவுண்டரிலிருந்து பதில் சொல்கிறேன்.

கூட்டுக் கணக்கு யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். நாமினியாகவும் யாரையும் போடலாம். 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியும் நிதித்துறையும், தன்பாலினத் துணையைப் போடத் தடையில்லை என்று தெளிவுபடுத்தின. ஆனால் ஃபாரத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு பெண்கள் வந்து நிற்கிறார்கள். 'என்னம்மா எழுத, ஃப்ரெண்டா?' என்று சத்தமாகக் கேட்பான் ஒருத்தன். க்யூவே திரும்பிப் பார்க்கும். சரி, எழுதியாச்சு. ஒருத்தி செத்துப்போனால் பணம் நாமினி கையில் வரும், ஆனால் நாமினி வாரிசு இல்லை. அண்ணன் தம்பி வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். மேட்டுக்குடிக்காரனுக்கு உயில் எழுத வக்கீல் இருக்கிறான், ஃப்ளாட் இருக்கிறது, வெளிநாடு இருக்கிறது. சேலை மடிக்கும் கடையில் எட்டாயிரம் சம்பளத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு என்ன இருக்கிறது? ரேஷன் கார்டு, பாஸ்புக், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட ஒரு ஆள். சட்டம் அவளுக்குத்தான் வேண்டும். நம் கிரேஸ் பானு யார்? தலித், திருநங்கை. திருநருக்கு உள்ஒதுக்கீடு கேட்டு அவர் தெருவில் நிற்கும்போது, எந்த மேட்டுக்குடிக்காகக் கேட்கிறார்?

அகமணம்தான் சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியாவில் எழுதிவிட்டார். யார் யாரோடு படுக்கலாம், யார் பிள்ளை யாருக்கு வாரிசு, எந்த நிலம் எந்தக் கைக்குப் போகும் என்பதைப் பிடித்துவைத்திருப்பவன்தான் ஊரைப் பிடித்து வைத்திருக்கிறான். ஐயர் இல்லாத சுயமரியாதைக் கல்யாணம் கல்யாணமே இல்லை என்று நீதிமன்றம் சொன்ன காலம் இருந்தது. 1967இல் சட்டத் திருத்தம் வந்துதான் அந்தப் பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகள் ஆனார்கள். எது கல்யாணம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்கிற சண்டை நமக்குப் புதுசில்லை.

கடைசியாக நம் வீட்டு விஷயம். சாதி மறுத்து ஓடிவரும் ஜோடிகளுக்கு நம் தோழர்கள் வீடு கொடுக்கிறார்கள், வக்கீல் பிடிக்கிறார்கள், சொந்தக் கைக்காசைப் போடுகிறார்கள். போன வருசக் கடைசியில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி காலனி, ஒருத்தி ஊர்த்தெரு. சாதி மறுப்பு என்று பார்த்தால் அதைவிடச் சாதி மறுப்பு கிடையாது. 'இது வேற மேட்டர்' என்று கையை விரித்தோம். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு அப்பன்களையும் கூப்பிட்டு ஒப்படைத்தார்கள். காலனிப் பெண்ணுக்கு மூன்றே வாரத்தில் கல்யாணம் முடித்துவிட்டார்கள். ஊர்த்தெருப் பெண் எங்கே இருக்கிறாள் என்று நம் யாருக்கும் தெரியாது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சுஷ்மா வழக்கில், வயது வந்த இப்படிப்பட்ட இணைகளைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. 2025 மே மாதம் அதே நீதிமன்றம், கல்யாணம் இல்லாமலும் இவர்கள் குடும்பமாக வாழலாம் என்றது. அந்த இரண்டு தீர்ப்பின் நகலும் என் பையில் இருக்கிறது, வேண்டியவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இப்படி யாராவது வந்தால் உதவுவதா வேண்டாமா என்று அடுத்த மாதச் செயற்குழுவில் கை தூக்கிப் பார்த்துவிடலாம் என்று ஒரு தோழர் சொல்லியிருக்கிறார். நல்ல தோழர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஜனநாயகம் என்று நினைத்துத்தான் சொன்னார். பொன்னானி தாலுகாவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்தத் தீர்மானத்துக்கு, ஆதரித்தும் எதிர்த்தும், நான் கை தூக்கப் போவதில்லை. என் பங்குக்கு நான் வேறு தீர்மானம் கொண்டு வருகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு வந்தால் யார் வீட்டில் தங்க வைப்பது, ஸ்டேஷனுக்கு எந்த வக்கீல் போவது, முதல் மாத வாடகை யார் தருவது. இதையெல்லாம் ஓட்டுக்கு விடுங்கள். முதல் மாத வாடகைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.